கிரவுண்ட் என்ற பெயரில் மூன்று பேர்

மூளை மின்னலைகளைப் பதிவுசெய்யும் சின்ன போர்டு ஒன்றை முதல்முறை கையில் எடுப்பவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் தடுக்கி நிற்கிறார்கள். சிக்னல் எடுக்கும் மின்முனை எது என்று தெரிகிறது. அதை எதனோடாவது ஒப்பிட வேண்டும், அதற்கு ஒரு ரெஃபரன்ஸ் என்பதும் புரிகிறது. அளப்பதே இரண்டு புள்ளிகளுக்கு இடையிலான வித்தியாசத்தைத்தான் என்றால், மூன்றாவதாக ஒரு கம்பி எதற்கு? அதன் பெயராவது உதவுமா என்று பார்த்தால் ஒரு போர்டில் ‘கிரவுண்ட்’, இன்னொன்றில் ‘பயாஸ்’, வேறொன்றில் ‘டி.ஆர்.எல்.’, ஈ.சி.ஜி. கேபிளில் ‘ஆர்.எல்.’ அல்லது வெறும் ‘என்’.

‘கிரவுண்ட்’ என்ற சொல்லுக்குப் பின்னால் உண்மையில் மூன்று பேர் இருக்கிறார்கள். முதல் ஆள் சுவர் பிளக்கில் இருக்கும் எர்த். மண்ணுக்குள் இறங்கும் கம்பி. இரண்டாவது ஆள் போர்டின் பூஜ்யம். ‘இங்கிருந்து எண்ணுவோம்’ என்று சர்க்யூட்டை வரைந்தவர் குறித்துவைத்த புள்ளி, அவ்வளவுதான். மூன்றாவது ஆள் தோலின் மேல் ஒட்டப்படும் மின்முனை. இந்த மூவரும் ஒருவரோடு ஒருவர் இணைந்தும் இருக்கலாம், தனித்தனியாகவும் இருக்கலாம். யாரை யாரோடு சேர்ப்பது என்பதில் பதிவின் தரமும் இருக்கிறது, மனிதரின் பாதுகாப்பும் இருக்கிறது.

மூன்றாவது ஆள் எதற்குத் தேவை என்பதைப் புரிந்துகொள்ள, உடம்பு எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும். இதயத்தின் மின்சிக்னல் தோலுக்கு வரும்போது ஏறத்தாழ 1 மில்லிவோல்ட். மூளையின் சிக்னல் மண்டையோட்டைத் தாண்டி வருவதற்குள் 10 முதல் 100 மைக்ரோவோல்ட்டுக்குச் சுருங்கிவிடுகிறது. அறையின் சுவருக்குள்ளோ 230 வோல்ட் ஓடிக்கொண்டிருக்கிறது. சுவர்க்கம்பிக்கும் உடம்புக்கும் நடுவே வெறும் காற்றுதான்; ஆனால் இரண்டு கடத்திகளுக்கு நடுவே காற்று இருந்தாலே அது ஒரு கெப்பாசிட்டர். கணக்குக்காக அதை 3 பிகோஃபாரட் என்று வைத்துக்கொள்வோம். உடம்புக்கும் தரைக்கும் இடையே 300 பிகோஃபாரட். இந்த இரண்டும் சேர்ந்து வோல்டேஜைப் பங்கிடும்போது, எதையும் தொடாமல் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் மனிதரின் உடம்பு முழுவதும் 50 ஹெர்ட்ஸில் சுமார் 2.3 வோல்ட் மேலும் கீழும் ஆடுகிறது. நாம் தேடும் 50 மைக்ரோவோல்ட் சிக்னலைவிட இது 40,000 மடங்குக்கும் மேல். உடம்புக்குள் நுழையும் மின்னோட்டம் மட்டும் மிகச் சிறியது: சுமார் 0.2 மைக்ரோஆம்பியர். இந்த 0.2-ஐ நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசிவரை வரும்.

உடம்பு மொத்தமாக ஆடினால் என்ன, நாம்தான் வித்தியாசத்தை மட்டும் எடுக்கிறோமே என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. இரண்டு உள்ளீட்டிலும் ஒன்றுபோல வரும் வோல்டேஜை, அதாவது காமன் மோடை, கழித்துவிடுவதற்காகத்தான் வித்தியாசப் பெருக்கி இருக்கிறது. ஆனால் அதற்கும் ஓர் எல்லை உண்டு. இந்தத் துறையில் பரவலாகப் புழங்கும் ஏ.டி.எஸ்.1299 சிப்பை எடுத்துக்கொள்வோம். 8 சேனல், 24 பிட், மூளை மின்னலைகளுக்கென்றே டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் செய்தது. அதைக் கூட்டல் கழித்தல் 2.5 வோல்ட்டில் ஓட்டினால், உள்ளே வரும் எந்த வோல்டேஜும் அந்த வரம்புக்குள் இருந்தாக வேண்டும். போர்டோடு தொடர்பில்லாமல் 2.3 வோல்ட் ஆடிக்கொண்டிருக்கும் உடம்பு எந்த நேரத்திலும் அந்த வேலியைத் தாண்டிவிடலாம். தாண்டிவிட்டால் கழிப்பதற்கு எதுவும் மிஞ்சாது. திரையில் ஒரு தட்டைக் கோடுதான்.

இன்னொரு சங்கதி, பலர் கவனிக்காமல் விடுவது. எந்தப் பெருக்கியின் உள்ளீடும் துளி மின்னோட்டத்தை உறிஞ்சும், அல்லது கக்கும். ஏ.டி.எஸ்.1299-இல் அது சில நூறு பிகோஆம்பியர். அற்பம்தான். ஆனால் அது திரும்பிப் போக வழி வேண்டும். வழி இல்லையென்றால் கேபிளின் கெப்பாசிட்டன்ஸில் போய்த் தேங்கும். 300 பிகோஆம்பியர், 100 பிகோஃபாரட் என்றால் விநாடிக்கு 3 வோல்ட் ஏறும். மூன்றாவது மின்முனையை மாட்ட மறந்த போர்டு ஓரிரு விநாடி நல்லபிள்ளையாக இருந்துவிட்டு, பிறகு எல்லாச் சேனலும் ஒருபக்கமாகச் சரிந்து ஒட்டிக்கொள்வது பெரும்பாலும் இதனால்தான். சில நாள் ஈரப்பதத்தாலோ வேறு ஏதோ கசிவுப் பாதையாலோ மூன்றாவது கம்பி இல்லாமலே சிக்னல் நன்றாக வந்துவிடும். அதுதான் இன்னும் மோசம். ‘அது இல்லாமலும் வேலை செய்கிறதே’ என்ற முடிவுக்கு ஆள் வந்துவிடுவார்.

ஆக, மூன்றாவது மின்முனை எதையும் அளப்பதில்லை. அதன் வேலை உடம்பையும் போர்டையும் ஒரே தளத்தில் நிற்கவைப்பது. இருவரும் சேர்ந்து பூமியைப் பொறுத்து எவ்வளவு வேண்டுமானாலும் ஆடட்டும். ஒருவரைப் பொறுத்து மற்றவர் அசையாமல் இருந்தால் போதும். ஓடும் ரயிலுக்குள் மேசையில் வைத்த டம்ளரைப் போல.

இதற்கு எளிய வழி, போர்டின் பூஜ்யத்தை ஒரு கம்பியால் தோலோடு சேர்ப்பது. பழைய கருவிகள் அப்படித்தான் செய்தன. இந்த வழியின் கணக்கைப் பார்க்கலாம். அந்த 0.2 மைக்ரோஆம்பியரும் இந்த மின்முனை வழியாகவே ஓடுவதாக வைத்துக்கொள்வோம். ஜெல் தடவிய நல்ல மின்முனை, தோலோடு அதன் தடை 10 கிலோஓம். 2.3 வோல்ட் ஆட்டம் 2 மில்லிவோல்ட்டாகிவிட்டது. பிரமாதம். ஆனால் ஜெல் இல்லாத உலர் மின்முனை என்றால் தடை 500 கிலோஓம் கூடப் போகும். அப்போது 100 மில்லிவோல்ட். அதே கம்பி, அதே போர்டு, 50 மடங்கு கூடுதல் ஆட்டம்.

100 மில்லிவோல்ட் வேலியைத் தாண்டாது, உண்மைதான். பிரச்சினை வேறு இடத்திலிருந்து வருகிறது. டேட்டாஷீட்டில் காமன் மோட் நிராகரிப்பு 110 டெசிபல் என்று இருக்கும். மூன்று லட்சம் மடங்குக்கும் மேல். வாங்குகிறவரைக் கவரும் எண், பொய்யும் இல்லை. ஆனால் அது சிப்பின் இரண்டு கால்களிலும் சமமான வோல்டேஜ் கொடுத்து அளந்தது. நிஜத்தில் அந்தக் கால்களுக்கு முன்னால் இரண்டு மின்முனைகள் இருக்கின்றன. எந்த இரண்டு மின்முனையும் சமமாக ஒட்டுவதில்லை. ஒன்றின் கீழ் முடி, இன்னொன்றில் ஜெல் காய்ந்திருக்கும். 20 கிலோஓம் வித்தியாசம் சர்வசாதாரணம். கேபிளின் 100 பிகோஃபாரட் 50 ஹெர்ட்ஸில் சுமார் 32 மெகாஓம் போல நடந்துகொள்ளும். 20 கிலோவுக்கு 32 மெகா என்ற அந்த விகிதத்தில், ஒன்றுபோல வரவேண்டிய ஆட்டத்தின் ஒரு துளி ஒருபக்கம் குறைந்து, வித்தியாசமாக மாறி உள்ளே நுழைகிறது. 2 மில்லிவோல்ட்டில் இந்தத் துளி 1.25 மைக்ரோவோல்ட், சமாளிக்கலாம். 100 மில்லிவோல்ட்டில் 62 மைக்ரோவோல்ட். மூளையின் சிக்னல் அளவுக்கே வந்துவிட்டது. இது ஒருமுறை உள்ளே வந்துவிட்டால் எந்த 110 டெசிபலாலும் வெளியேற்ற முடியாது, ஏனென்றால் இப்போது அது நிஜமான வித்தியாசம்.

என் அனுபவத்தில், சிப்பை மாற்றி இரைச்சலைக் குறைத்தவர்களைவிட மின்முனையைச் சுத்தமாக ஒட்டி இரைச்சலைக் குறைத்தவர்களே அதிகம்.

வலது கால் எப்படித் தலைக்கு வந்தது

உலர் மின்முனையோ அவசர ஒட்டலோ, மூன்றாவது மின்முனையின் தடையைக் கையால் குறைக்க முடியாதபோது மின்னணு வழியில் குறைக்க முடியுமா? முடியும். போர்டு எல்லாச் சேனல்களின் சராசரியை எடுக்கிறது. அதுதான் உடம்பின் ஆட்டம். அதைத் தலைகீழாக்கி, பெருக்கி, மூன்றாவது மின்முனை வழியாக உடம்புக்கே திருப்பி அனுப்புகிறது. உடம்பு மேலே போனால் இது கீழே இழுக்கும். தராசு முள்ளை நடுவில் நிறுத்துவதற்காகக் கை ஓயாமல் எடையைச் சரிசெய்வது போன்ற ஒரு சுற்று. பெருக்கம் 100 என்றால், மின்முனையின் தடை நூறில் ஒரு பங்காகிவிட்டதைப் போன்ற பலன் கிடைக்கும். மேலே வந்த 62 மைக்ரோவோல்ட் 0.6 ஆகிவிடும்.

ஈ.சி.ஜி.யில் இந்த மின்முனையை இதயத்திலிருந்து தள்ளி வலது காலில் ஒட்டுவது வழக்கம். அதனால் இந்தச் சுற்றுக்கு ‘டிரிவன் ரைட் லெக்’, சுருக்கமாக டி.ஆர்.எல்., என்றே பெயர் நிலைத்துவிட்டது. புரூஸ் வின்டரும் ஜான் வெப்ஸ்டரும் 1983-இல் இதன் வடிவமைப்பைக் கணக்குகளோடு எழுதிய கட்டுரையை இன்றும் பலர் புரட்டுகிறார்கள். மின்முனை நெற்றியிலோ காதுமடலிலோ இருந்தாலும் பெயர் வலது கால்தான். ஏ.டி.எஸ்.1299-ஐச் செய்தவர்கள் இதற்கு ‘பயாஸ்’ என்று பெயர் வைத்தார்கள். அதே சிப்பில் ஓடும் ஓப்பன்பிசிஐ சைட்டன் போர்டில், கம்பி மாட்டும் கால்களின் (பின்களின்) அருகிலும் அதுவே அச்சாகி இருக்கிறது. டிரான்சிஸ்டர் பாடத்தில் படித்த பயாஸை நினைத்துக்கொண்டு வருபவர்கள் இங்கே குழம்புவது இயல்பு.

தலைக்குள் மின்சாரம் செலுத்துகிறார்களா என்று கேட்பவர்கள் உண்டு. சரியாகச் சொன்னால், சுவரிலிருந்து ஏற்கெனவே உடம்புக்குள் வந்துகொண்டிருக்கும் அந்த 0.2 மைக்ரோஆம்பியரை இது வெளியே வாங்கிக்கொள்கிறது. எல்லாம் ஒழுங்காக இருக்கும்வரை ஓடுவது அவ்வளவுதான். ஒழுங்கு கெட்டால்? பெருக்கி பழுதாகி அதன் வெளியீடு 2.5 வோல்ட்டிலேயே சிக்கிக்கொண்டால்? அதற்காகத்தான் பெருக்கிக்கும் மின்முனைக்கும் நடுவே ஒரு மின்தடை. மருத்துவக் கருவிகளுக்கான ஐ.ஈ.சி. 60601-1 தரவிதி, நோயாளியின் வழியே கருவி ஓட்டும் நேர்மின்னோட்டத்துக்குச் சாதாரண நிலையில் 10 மைக்ரோஆம்பியர், ஒரு பழுது ஏற்பட்ட நிலையில் 50 மைக்ரோஆம்பியர் என்று வரம்பு வைக்கிறது. 2.5 வோல்ட்டுக்கு 50 மைக்ரோ என்றால் குறைந்தது 50 கிலோஓம் வேண்டும். அவ்வளவு பெரிய தடையைப் போட்டால் மின்முனை மோசமாகிவிடாதா? ஆகாது. அந்தத் தடையும் சுற்றுக்குள்ளேயே இருப்பதால் அதுவும் பெருக்கத்தால் வகுபட்டுவிடுகிறது. 100 கிலோஓம் போட்டு, பெருக்கம் 40 என்றால் உடம்புக்கு அது 2.4 கிலோஓமாகத்தான் தெரியும். பழுதான நேரத்தில் மட்டும் முழு 100 கிலோஓமாக நின்று காக்கும். மின்னணுவியலில் இவ்வளவு அழகான பேரம் அதிகம் கிடைப்பதில்லை.

பேரத்துக்கு ஒரு விலை உண்டு. திருப்பி அனுப்பும் எந்தச் சுற்றும் ஆட்டம் பிடிக்கலாம். பெருக்கம் அதிகமாகி, கேபிள் நீண்டு, மின்முனையும் மோசமாக ஒட்டியிருந்தால், ஆட்டத்தை அடக்க வந்தவரே ஆடத் தொடங்குவார். வேகமான அலைகளில் பெருக்கத்தைக் குறைக்க ஒரு கெப்பாசிட்டரைச் சுற்றில் போடுவது இதற்காகத்தான். சொந்தமாக போர்டு செய்பவர்கள் ‘இது எதற்கு, இடத்தை அடைக்கிறது’ என்று அதை எடுத்துவிட வேண்டாம்.

கம்பி மாட்டும்போது

சைட்டனில் ‘ஏஜிஎன்டி’ என்று ஒரு கால் இருக்கிறது. அது இரண்டாவது ஆள், போர்டின் பூஜ்யம். பயாஸ் அல்ல. இரண்டையும் ஒரே நேரத்தில் உடம்பில் மாட்டினால் ஒருவர் உடம்பை அசையாமல் பிடித்துவைக்கப் பார்ப்பார், மற்றவர் இழுப்பார். ஒன்றை மட்டும் மாட்டுங்கள். அது பயாஸாக இருக்கட்டும். தலைப்பதிவில் வழக்கமான ஏற்பாடு, ஒரு காதுக் கிளிப் பயாஸில், இன்னொரு காதுக் கிளிப் ‘எஸ்ஆர்பி2’ என்ற ரெஃபரன்ஸில். இரண்டு கிளிப்பும் காதில்தான் என்றால் அவை இடம் மாறினாலும் குடி முழுகாது. எந்தக் காதை வைத்து ஒப்பிடுகிறோம் என்பது மட்டும் மாறும். ரெஃபரன்ஸின் இடம் எல்லா அலைகளின் வடிவத்தையும் மாற்றும்; பயாஸின் இடத்துக்கு அப்படிக் கெடுபிடி இல்லை. அளக்கும் தசையின் மேலோ இதயத்தின் மேலோ இல்லாமல், அசையாத, நன்றாக ஒட்டும் இடமாக இருந்தால் போதும். தசைச் சிக்னல் எடுப்பவர்கள் முழங்கை எலும்பைத் தேடிப்போவது அதனால்தான்.

சைட்டனின் மென்பொருளில் ஒவ்வொரு சேனலுக்கும் ‘பயாஸில் சேர்’ என்ற அமைப்பு இருக்கிறது. சேனல் 5-இன் மின்முனை கழன்று தொங்குகிறது என்று வையுங்கள். அந்தச் சேனலை நாம் பார்க்கவில்லை, ஆனால் அது பயாஸ் சராசரியில் இன்னும் இருக்கிறது. காற்றில் தொங்கும் கம்பி பிடிக்கும் குப்பை முழுவதும் சராசரிக்குள் போய், தலைகீழாகி, உடம்புக்கு வந்து, மற்ற 7 சேனல்களிலும் ஏறுகிறது. பயன்படுத்தாத சேனலைப் பயாஸிலிருந்தும் எடுத்துவிடுங்கள். இந்த ஒரு பொத்தானால் ஒரு மாலை முழுவதையும் தொலைத்தவன் என்ற தகுதியில் சொல்கிறேன்.

ஜெல் விஷயத்தில் தாராளம் வேண்டாம். ரெஃபரன்ஸும் பயாஸும் அருகருகே இருந்து, இரண்டின் ஜெல்லும் வழிந்து கலந்துவிட்டால் அவை மின்சாரத்துக்கு ஒரே மின்முனை. பயாஸ் ஓட்டும் மின்னோட்டத்தின் சுவடு ரெஃபரன்ஸிலும் பதியும், அங்கிருந்து எல்லாச் சேனலுக்கும் போகும்.

நிறத்தை நம்புவதும் ஆபத்து. கறுப்புக் கம்பி என்றால் கிரவுண்ட் என்று கை பழகிவிட்டது. ஐ.ஈ.சி. முறை ஈ.சி.ஜி. கேபிளில் கறுப்பு வலது கால்தான். பழக்கத்துக்குச் சரியாக வரும். அமெரிக்க முறைக் கேபிளில் கறுப்பு இடது கை! வலது கால் அங்கே பச்சை. அந்தப் பச்சையே ஐ.ஈ.சி. முறையில் இடது கால். கேபிள் எங்கே செய்தது என்று தெரியாவிட்டால் மல்டிமீட்டரை எடுத்து, எந்தக் கம்பி கனெக்டரின் எந்தப் பின்னுக்குப் போகிறது என்று பார்த்துக்கொள்வதே மேல்.

பதிவு கெட்டால் முதலில் பார்க்க வேண்டியது, கெட்டது ஒரு சேனலா, எல்லாமா என்று. ஒன்று மட்டும் என்றால் அந்த மின்முனை. எல்லாமும் என்றால் பொதுவாக இருக்கும் இருவரில் ஒருவர். எல்லாச் சேனலிலும் அச்சடித்ததுபோல ஒரே அலை, ஒரே அளவில் வந்தால் ரெஃபரன்ஸ் ஆடுகிறது. எல்லோரும் அதைத்தான் கழித்துக்கொண்டிருக்கிறார்கள். 50 அல்லது 60 ஹெர்ட்ஸ் எல்லாவற்றிலும் வீங்கி, ஆனால் சேனலுக்குச் சேனல் அளவு வேறுபட்டால் பயாஸைச் சந்தேகியுங்கள். ஒவ்வொரு மின்முனையின் தடை வித்தியாசத்துக்கு ஏற்ப ஆட்டம் உள்ளே நுழைந்திருக்கிறது. இதையெல்லாம் நாட்ச் ஃபில்டரை அணைத்துவிட்டுத்தான் பார்க்க வேண்டும். ஃபில்டர் 50 ஹெர்ட்ஸைத் திரையிலிருந்து துடைக்கும். பெருக்கி வேலியில் முட்டிக்கொண்டிருந்தால் அதைச் சரிசெய்யாது. சரியாகிவிட்டதா என்பதற்கு எளிய சோதனை, கண்ணைச் சிமிட்டச் சொல்வது. நெற்றிச் சேனல்களில் பெரிய மேடு வர வேண்டும். பிறகு கண்ணை மூடச் சொன்னால் பின்தலைச் சேனல்களில் 8 முதல் 12 ஹெர்ட்ஸ் வரையிலான ஆல்ஃபா அலை எழும்.

இனி முதல் ஆள், சுவரின் எர்த். உடம்பில் ஒட்டியிருக்கும்வரை அவரை விருந்துக்கு அழைக்காதீர்கள். உடம்பை நேரடியாக எர்த்தோடு கட்டிவிட்டால் 50 ஹெர்ட்ஸ் குறையக்கூடும். ஆனால் பழுதான வேறொரு கருவியை அந்த மனிதர் தொட்டால், மின்சாரம் மண்ணுக்குப் போக நாமே அவர் உடம்பு வழியாகப் பாதை போட்டுக் கொடுத்திருப்போம். பேட்டரியில் ஓடி, கம்பியில்லாமல் தரவை அனுப்பும் போர்டுகள் பாதுகாப்பாகவும் குறைந்த இரைச்சலோடும் இருப்பதற்குக் காரணம் ஒன்றே: அவற்றுக்கு எர்த்தோடு உறவே இல்லை, அந்த 0.2 மைக்ரோஆம்பியரில் சிறு பங்குதான் அவற்றின் வழியே போக முடியும். யு.எஸ்.பி. கேபிளை மாட்டியதும் மடிக்கணினியும் சர்க்யூட்டில் சேர்ந்துகொள்கிறது, அதன் சார்ஜரும் சேர்ந்துகொள்கிறது. இரண்டு முள் சார்ஜரில் கணினியின் உடல் மெயின்ஸின் பாதி வோல்டேஜில் மிதக்கும். தொட்டால் மெல்ல ‘விறுவிறு’ என்பது அதுதான். சார்ஜரைக் கழற்றுங்கள், அல்லது ஏ.டி.யூ.எம்.4160 போன்ற சிப் வைத்த யு.எஸ்.பி. ஐசொலேட்டரை, அதாவது மின்தொடர்பைத் துண்டித்துத் தரவை மட்டும் கடத்தும் கருவியை, நடுவே போடுங்கள்.

மோசமான தருணம் பெரும்பாலும் பழுது பார்க்கும்போதுதான் வருகிறது. தலையில் மின்முனைகள் ஒட்டியிருக்கின்றன, சிக்னல் சரியில்லை, மின்னலையை வரைந்து காட்டும் ஆசிலாஸ்கோப்பை இழுத்து, அதன் அளவுக் கம்பியான புரோபின் கறுப்புக் கிளிப்பைப் போர்டின் பூஜ்யத்தில் மாட்டுகிறோம். மேசை ஆசிலாஸ்கோப்புகளில் அந்தக் கிளிப் உள்ளே நேராகச் சுவரின் எர்த்துக்குப் போகிறது. மாட்டிய நொடியில் மூன்று பேரும் ஒருவராகிவிட்டார்கள். அப்படிப் பார்த்தே ஆக வேண்டுமென்றால் முதலில் மின்முனைகள் அனைத்தையும் மனிதரிடமிருந்து கழற்றுங்கள். சேனலுக்கு ஒன்று, ரெஃபரன்ஸுக்கு ஒன்று, பயாஸுக்கு ஒன்று என்று 10 கிலோஓம் மின்தடைகளை மாட்டி, அவற்றின் மறுமுனைகளை ஒன்றாக முறுக்கிவிட்டால் அந்த முடிச்சுதான் உடம்பு. விரலால் முடிச்சின் அருகே போய்ப் பாருங்கள். பயாஸைக் கழற்றிவிட்டு மறுபடியும் போங்கள். 50 ஹெர்ட்ஸ் எப்படி எழுந்து நிற்கிறது என்பது திரையில் தெரியும்.